கலாசாலை வலையும் கள்ளக் கோப்புகளும்

ஏரி நீர் ஊருக்குப் பொது. அதனைக் கொண்டுவரும் கால்வாயும் பொது. தலைமடையிலுள்ளான் ஒருவன் கரையை வெட்டித் தன் வயலுக்கு மிகுதியாய்ப் பாய்ச்சிக்கொள்வானாயின், வாடுவது கடைமடைப் பயிரே. வெட்டினவன் பயிர் அன்று. நம் கலாசாலையின் கணினி வலையும் இத்தகைய பொதுக் கால்வாயே ஆகும். திரைப்படம், பாட்டு, நூல், மென்பொருள் முதலியவற்றை உரிமையின்றி அதன் வழியே இறக்கிப் பிறர்க்கும் பகிரும் வழக்கம் நம் விடுதிகளில் வேரூன்றிவிட்டது. அதனால் விளையும் கேடு செய்தவனோடு நில்லாது, செய்யாதவனையும் சாரும் என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சென்ற ஆண்டு விடுதியில் நிகழ்ந்த ஒன்றை முதற்கண் கூறுவேன். விலையுள்ள மென்பொருளை விலையின்றி இயங்கச் செய்யும் நிரலொன்றை மாணாக்கர் ஒருவர் எங்கிருந்தோ இறக்கி, யாவரும் எடுத்துக்கொள்ளுமாறு பொதுக் கோப்புறையில் இட்டார். அதனுள் நச்சுநிரல் ஒளிந்திருந்தது. ஓரிரவிலே அது அங்கிருந்த எல்லாக் கோப்புகளையும் பூட்டிவிட்டுத் திறவுகோலுக்குப் பணம் கேட்டது. முதுகலை மாணாக்கர் ஒருவர் எட்டுத் திங்கள் ஊர் ஊராய்ச் சென்று பதிவு செய்த ஒப்பாரிப் பாடல்களும் அங்கேதான் இருந்தன. பாடிய மூதாட்டியருள் ஒருவர் அதற்குள் காலமாகிவிட்டார். அம்மாணாக்கரோ ஒரு படத்தையேனும் களவாய் எடுத்தவரல்லர். அன்று அவர் முகத்தை நோக்க எனக்குத் துணிவில்லை. அந்நிரலை விரும்பி எடுத்தவர்களுள் யானும் ஒருவன்.

இஃது ஒரு விடுதிக்கு மட்டும் உரிய கதையன்று. 1999-ஆம் ஆண்டில் ஷான் ஃபேனிங் என்னும் அமெரிக்க இளைஞர் நாப்ஸ்டர் என்ற பாட்டுப் பகிர்வு நிரலை வெளியிட்டார். அடுத்த ஆண்டிலேயே பல பல்கலைக்கழகங்கள், பாடத்திற்கு வேண்டிய வழியையும் அஃது அடைத்துக்கொண்டமையால், தம் வலைகளில் அதனைத் தடுத்தன. 2003 ஏப்ரலில் இசைப்பதிவு நிறுவனங்கள் மூன்று கலாசாலைகளின் மாணாக்கர் நால்வர்மீது வழக்குத் தொடுத்தன. அவர்கள் 12,000 முதல் 17,500 டாலர் வரை கொடுத்து இணங்க நேர்ந்தது. 2009-இல் பாஸ்டன் நகர நீதிமன்றத்தில், 30 பாட்டுகளின் பொருட்டு மாணாக்கர் ஒருவர்க்கு விதிக்கப்பட்ட தொகை 6,75,000 டாலர்.

"யான் எடுத்தேனே அன்றிக் கொடுத்தேனல்லேன்" என்பார் சிலர். அவர் டாரண்ட் முறையை அறியாதார். அம்முறையில் ஒரு கோப்பு சிறு சிறு துண்டுகளாய் வருகின்றது. வந்த துண்டை உடனே பிறர்க்கு அனுப்பிக்கொண்டே அடுத்ததைப் பெறுகின்றது நம் கணினி. ஆகவே, பெறுபவன் ஒவ்வொருவனும் பரப்புபவனும் ஆகின்றான். மேலும், நம் அறைகளிலுள்ள கணினிகள் பலவாயினும், வெளியுலகிற்குக் கலாசாலையின் ஓரிரு முகவரிகளே தோன்றும். குற்றம் ஒருவனது, பழியோ எல்லோரும் வாழும் இல்லத்தின் வாயிலில் வந்து நிற்கின்றது. நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ஆம் ஆண்டினது. அதன் 63-ஆம் பிரிவு, அறிந்தே உரிமையை மீறுவார்க்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 இலட்சம் ரூபாய் வரை அபராதமும் கூறுகின்றது. ஊதியம் கருதாது செய்தார்க்குத் தண்டனையைக் குறைக்க நீதிமன்றத்திற்கு இடமுண்டு; எனினும் குற்றம் குற்றமே.

வறிய மாணாக்கன் விலைமிக்க நூலுக்கு என் செய்வான் என்று வினவலாம். அவ்வினாவை யான் எளிதாய்த் தள்ளேன். அவ்வறுமையை யானும் அறிவேன். நம் முன்னோர் ஏடுகளைப் பெயர்த்தெழுதிப் பகிர்ந்திலரோ என்றும் கேட்கலாம். பகிர்ந்தனர், ஆயின் அவர்கள் உழைத்து எழுதினர், அழியும் நூலைக் காத்தனர். இன்று உயிரோடிருக்கும் தமிழாசிரியர் ஒருவரின் நூலை நொடியில் நூறு படியாக்கி வகுப்பு முழுதும் வழங்குவது, நூலைக் காப்பதன்று. அடுத்த நூலை அவர் எழுதவொட்டாமற் செய்வதாகும்.

நேர்வழியும் அடைபட்டிலது. ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு கழிந்தபின் அவர் நூல் யாவர்க்கும் பொதுவாகின்றது. 1942-இல் மறைந்த உ. வே. சாமிநாதையர் எழுதியவற்றை இன்று எவரும் தடையின்றிப் பகிரலாம். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தார் நம் பழநூல்கள் பலவற்றை இணையத்தில் விலையின்றி அளிக்கின்றனர். விலையில்லா மென்பொருள்களும் பல உள. தடை செய்வதோடு கலாசாலையார் அமையாது, பாடநூல்களின் படிகளை நூல்நிலையத்தில் பெருக்குவாராக. பொதுக் கோப்புறையில் யாது இருக்கலாம் என்பதையும் வரையறுத்து, அதற்கு நாள்தோறும் மறுபடி எடுத்துவைப்பாராக. மாணாக்கராகிய நாமோ, கள்ள நிரல் ஒன்றைத் தொடுமுன் அடுத்த அறையில் உறங்குவானை ஒரு கணம் நினைப்போமாக.

இழந்த பாடல்களுட் சிலவற்றை அம்மாணாக்கர் மீண்டும் சென்று பதிவு செய்தார். யானும் உடன் சென்றேன். அம்மூதாட்டியின் வீடு பூட்டியிருந்தது. கரையை வெட்டினவன் பின்னர் எவ்வளவு மண் கொட்டி அடைப்பினும், வாடிய கடைமடைப் பயிர் தளிர்ப்பதில்லை.