நாகரிகம் எவர் பக்கம்?

இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்னும் பெயர்களைக் கேட்ட அளவிலேயே முகஞ்சுளிப்பார் சென்னையில் பலர். அங்குள்ளார் பேச்சு கொச்சை, நடை முரடு, நாகரிகம் அறியார் என்பது அவர்தம் முடிபு. அம்முடிபு கூறுவோர் நாகரிகம் என்னும் சொல்லின் பொருளை அறிந்தனரா என்பதே கேள்வி.

நாகரிகம், நகர் என்பதனடியாகப் பிறந்த சொல். அதனை வடசொல் என்பார் உளர். விளங்குதற் பொருளுடைய 'நகு' என்னும் வேரினின்று நகர் தோன்றியதென்றும், அதன் வழிவந்த நாகரிகம் தமிழே என்றும் காட்டினார் மொழிஞாயிறு பாவாணர். கழக இலக்கியத்தில் நகர் என்பது மாளிகையையும் கோயிலையும் குறித்து நிற்கும். 1966-இல் வெளிவந்த 'பண்டைத் தமிழ நாகரிகமும் பண்பாடும்' என்னும் நூலில், வாழ்க்கைத் திருத்தத்தை நாகரிகம் என்றும், ஒழுக்கத் திருத்தத்தைப் பண்பாடு என்றும் அவர் பிரித்துரைத்தார்.

நகர வாழ்வே நாகரிகம் எனின், வடசென்னை எவர்க்கும் பின்தங்கியதன்று. தென்னாட்டின் முதல் தொடர்வண்டி 1856-இல் இராயபுரத்தினின்றே புறப்பட்டது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970 முதல் 2017 வரை மின்சாரம் ஆக்கித் தந்தது. ஊரெல்லாம் ஒளி பெற்றது. கரியும் சாம்பலும் எண்ணூர்க்கு எஞ்சின.

ஆனால் திருவள்ளுவர் இச்சொல்லை நகர்ப்பகட்டின்மேல் வைத்தாரல்லர். கண்ணோட்டம் என்னும் 58-ஆம் அதிகாரத்தின் இறுதிக் குறளில் வைத்தார். பழகியவர் தம் கண்முன்னே நஞ்சை இடக் கண்டும், மறுக்கமாட்டாமல் உண்டு அமைவதே நாகரிகம் விரும்புவோர் இயல்பு என்பது அதன் கருத்து. நற்றிணையும் இக்கருத்தைக் கூறும். ஆகவே தமிழர் கண்ட நாகரிகம் உடையிலும் உரையொலியிலும் இல்லை. பிறர்பால் நெகிழும் நெஞ்சில் உள்ளது.

அந்நெஞ்சு எங்குள்ளது? 2015 திசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, மீனவர் தம் படகுகளைத் தெருக்களில் செலுத்தி அறியாதாரையும் மீட்டனர். 2017 சனவரியில் எண்ணூர்க் கடலில் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையேறியபோது, மீனவரும் இளைஞரும் வாளி கொண்டு அதனை அள்ளினர். முரடர் என்று பழிக்கப்பட்ட கடற்கரை மக்களின் கண்ணோட்டம் இது.

அவர்க்குக் கிடைத்த கைம்மாறு யாது? 2023 திசம்பர்ப் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவிற்று. மீனும் வலையும் படகும் பாழாயின. அதே திங்கள் 26-ஆம் நாள் இரவு, பெரியகுப்பத்தருகே கடலடிக் குழாயினின்று அம்மோனியா கசிந்தது. மக்கள் குழந்தைகளை அள்ளிக்கொண்டு நள்ளிரவில் ஓடினர்.

இங்குக் குறளைத் திரித்து, பொறுத்துக்கொள்வதே நாகரிகம் என்று அம்மக்கட்கு அறிவுரை கூறுவார் உளராயின், அவர் அறிதல் வேண்டும்: வள்ளுவர் கூறியது நட்பினர் கையால் வந்த நஞ்சு. ஆலைகள் கக்கும் நஞ்சில் நட்பும் இல்லை. அதனை உண்போரின் இசைவும் இல்லை. அதனைத் தடுக்கக் கேட்பது நாகரிகக் கேடன்று, உரிமை.

நஞ்சினை உண்டவர் ஒருபுறம். ஊற்றிவிட்டு முகஞ்சுளிப்பவர் மறுபுறம். நாகரிகம் எவர் பக்கம் என்பதைத் தமிழறிந்தார் தெளிக!