சேமிப்பு தானாகப் போகட்டும்... மீதியைத் தயங்காமல் செலவழிக்கலாமா? 'ஆட்டோபே' கணக்கு என்ன சொல்கிறது?

மாதம் பிறந்ததும் சம்பளம் வருகிறது. 20-ம் தேதிக்குள் 'காசு எங்க போச்சுன்னே தெரியல' என்ற புலம்பலும் வருகிறது. நண்பர்களோடு ஒரு பிரியாணி சாப்பிட்டால்கூட, 'வீட்டுக்கு அனுப்பியிருக்கலாமே' என்ற உறுத்தல் பலருக்கு. இந்த இரண்டுக்கும் ஒரே தீர்வாகச் சொல்லப்படுவது, பணத்தைத் தானாகப் பிரிக்கும் ஏற்பாடு.

எப்படி வேலை செய்கிறது?

இது புதிதல்ல. பிஎஃப் இதே முறைதான். அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படியில் 12 சதவீதம் கைக்கு வருவதற்கு முன்பே போய்விடுவதால் யாரும் அதைத் தேடுவதில்லை. அதையே மற்ற சேமிப்புக்கும் செய்வதுதான் யோசனை.

பொருளாதார அறிஞர்கள் ரிச்சர்ட் தேலர், ஷ்லோமோ பெனார்ட்சி 2004-ல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. சம்பளம் உயரும்போதெல்லாம் சேமிப்பும் தானாக உயரும் திட்டத்தில் சேர்ந்த அமெரிக்க ஊழியர்களின் சேமிப்பு, 40 மாதங்களில் 3.5 சதவீதத்திலிருந்து 13.6 சதவீதமானது. மாதாமாதம் மனதோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கவில்லை என்பதே காரணம்.

கணக்கு எப்படிப் போடுவது?

கைக்கு 40,000 ரூபாய் வருபவரை எடுத்துக்கொள்வோம். வாடகை, சாப்பாடு 14,000; வீட்டுக்கு 6,000; பைக் தவணை 3,500; போன், போக்குவரத்து 2,500. மொத்தம் 26,000. ஆர்.டி., எஸ்.ஐ.பி., அவசரகால நிதிக்கு 8,000. மீதி 6,000.

இந்த 6,000-ஐ மட்டும் தனி வங்கிக் கணக்குக்கு மாற்றி, யுபிஐ செயலியில் அந்தக் கணக்கை மட்டும் இணைக்க வேண்டும். வாரத்துக்கு 1,500 ரூபாய். அது சினிமாவோ, செருப்போ, யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாம். உறுத்தல் பெரும்பாலும் செலவால் வருவதில்லை. எல்லை தெரியாததால் வருகிறது. வீட்டுக்குப் போக வேண்டியது போய்விட்டது என்று தெரிந்தால் பிரியாணி நிம்மதியாக இறங்கும்.

எங்கே சிக்கல்?

* தேதி: சம்பளம் 1-ம் தேதி வந்தால் பிடித்தத்தை 4 அல்லது 5-ம் தேதிக்கு வைப்பது நல்லது. கணக்கில் பணம் இல்லாமல் பிடித்தம் திரும்பினால் வங்கி கட்டணம் வசூலிக்கும். கடன் தவணை என்றால் சிபில் மதிப்பெண்ணும் அடிவாங்கும்.

* கிரெடிட் கார்டு: ஆட்டோபேயில் 'குறைந்தபட்சத் தொகை', 'மொத்தத் தொகை' என இரண்டு தேர்வுகள் இருக்கும். முதலாவதைத் தேர்ந்தெடுத்தால் எல்லாம் சரியாகப் போவதுபோலத் தெரியும். ஆனால் மீதிக்கு வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். பல கார்டுகளில் அது மாதம் 3 சதவீதத்துக்கும் மேல்.

* மறந்துபோன சந்தா: சேமிக்க உதவும் அதே வசதிதான், பார்க்காத ஓடிடிக்கும் போகாத ஜிம்முக்கும் பணம் கட்டுகிறது.

விதி என்ன சொல்கிறது?

ரிசர்வ் வங்கியின் விதிகள் 2021 அக்டோபர் முதல் கட்டாயமாக நடைமுறையில் உள்ளன. கார்டு, யுபிஐ வழியான தானியங்கிப் பிடித்தத்துக்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும். ஓடிபி இல்லாமல் பிடிக்கும் உச்சவரம்பு 2022 ஜூனில் 15,000 ரூபாயாக உயர்ந்தது. மியூச்சுவல் ஃபண்ட், காப்பீட்டு பிரீமியம், கிரெடிட் கார்டு பில் ஆகியவற்றுக்கு மட்டும் 2023 டிசம்பரில் 1 லட்சம் ரூபாயானது. அனுமதியை எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். யுபிஐ செயலியின் 'ஆட்டோபே' பகுதியிலேயே பட்டியல் இருக்கும்.

எல்லோருக்கும் பொருந்துமா?

இல்லை. டெலிவரி வேலை, ஃப்ரீலான்ஸ் என வருமானம் ஏறி இறங்குபவர்களுக்கு நிலையான தொகை ஆபத்து. பணம் வரும் அன்றே அதில் 10 சதவீதத்தைக் கையால் மாற்றுவது பாதுகாப்பு. வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே சம்பளம் சரியாகப் போகும் வீட்டில், பிரிப்பதற்கு எதுவும் இருக்காது. அங்கே பிரச்சினை ஒழுக்கமல்ல, வருமானம்.

மற்றவர்கள் 500 ரூபாயில் தொடங்கலாம். அடுத்த சம்பள உயர்வு வரும்போது, செலவுக்கு முன் அந்தத் தொகையை உயர்த்திவிட்டால் போதும்.