டிரிகரை லேசாக்காதீங்க, வழவழப்பாக்குங்க!

டிஸ்கி: இது துப்பாக்கி வாங்கச் சொல்லும் பதிவு அல்ல. ஏற்கெனவே ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை ஸ்குரூ டிரைவரும் கையுமாக உட்கார்ந்திருக்கும் அப்பாக்களுக்கும், அதைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும் தங்கமணிகளுக்கும் எழுதியது.

கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 10 மீட்டர் ஏர் ரைபிளில் டோக்கியோ, பாரிஸ் என்று இரண்டு ஒலிம்பிக் போய் வந்துவிட்டார். 2024 பாரிஸில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கினார். வெளிமாநிலத்தில் குப்பை கொட்டும் நம்ம வீடுகளிலும் துப்பாக்கி சுடுதல் ஒரு பேச்சாகிவிட்டது. நல்ல விஷயம்தான். ஆனால் இங்கே புனேயில் எனக்குத் தெரிந்த இரண்டு மூன்று வீடுகளுக்கு வந்து சேர்ந்திருப்பது போட்டிக்கான ஏர் பிஸ்டல் இல்லை. அசல் ரிவால்வரை அச்சு அசலாக நகலெடுத்த ஏர் ரிவால்வர். 1915-ல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றுக்கொண்ட வெப்லி மார்க் 6 கூட இன்று 4.5 மி.மீ. ஏர் ரிவால்வராகக் கிடைக்கிறது. கைப்பிடிக்குள் 12 கிராம் சி.ஓ.2 குப்பி, சிலிண்டருக்குள் தோட்டா மாதிரியே ஆறு கூடுகள், ஒவ்வொரு கூட்டிலும் ஒரு ஈயக் குண்டு.

வாங்கிய ஒரு வாரத்தில் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “அண்ணே, டிரிகர் கல்லு மாதிரி இருக்கு. ஸ்பிரிங்குல ரெண்டு சுத்து வெட்டிரலாமா?”

வெட்டாதீங்க தம்பி. என் கட்சி இதுதான்: இந்த மாதிரி ரிவால்வரில் எதிரி கனம் இல்லை, பிசிறு. பிசிறை எடுங்கள். கனத்தைத் தொடாதீர்கள்.

உள்ளே என்ன நடக்கிறது?

ரிவால்வரின் டிரிகருக்கு இரண்டு வேலைமுறை உண்டு. சுத்தியலை (ஹேமர்) கட்டை விரலால் பின்னுக்கு இழுத்து வைத்துவிட்டால், டிரிகருக்கு ஒரே வேலை, சுத்தியலை விடுவிப்பது. இது சிங்கிள் ஆக்ஷன். கட்டை விரலைப் பயன்படுத்தாமல் டிரிகரை மட்டும் இழுத்தால், அந்த ஒரே இழுப்பில் சிலிண்டர் அடுத்த அறைக்குச் சுழல வேண்டும், அங்கே பூட்டிக்கொள்ள வேண்டும், சுத்தியல் பின்னால் போக வேண்டும், கடைசியில் விடுபட வேண்டும். இது டபுள் ஆக்ஷன். நாலு பேர் வேலையை ஒரு விரல் செய்கிறது. பல மாடல்களில் 4 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

இந்த வகைத் துப்பாக்கிகளின் உடல் பெரும்பாலும் துத்தநாகக் கலவை வார்ப்பு. வார்ப்பென்றால் ஓரத்தில் பிசிறு இருக்கும், மேலே பூசிய பெயின்ட் உள்ளேயும் கொஞ்சம் வழிந்திருக்கும். டிரிகரின் பக்கவாட்டு உரசும். சுத்தியல் உடம்போடு உரசும். ஸ்பிரிங், தன் நடுவில் ஓடும் தண்டோடு உரசும். விரலுக்குத் தெரிவது இந்த உரசல்களின் கூட்டுத்தொகை. அதுவும் ஒரே சீராக இல்லாமல், மணல் கலந்த மாவு அரைக்கிற மாதிரி திக்கித் திக்கி.

சீராக 4 கிலோ இழுக்கும் டிரிகருக்கு கை பழகிவிடும். நடுவில் இரண்டு இடத்தில் தடுக்கி, திடீரென்று விடும் 3 கிலோ டிரிகருக்கு எந்தக் கையும் பழகாது. தடுக்கும்போது நாம் கூடுதலாக அழுத்துகிறோம், விட்டவுடன் அந்தக் கூடுதல் அழுத்தம் குழலை இழுத்துக்கொண்டு போகிறது. குண்டு கீழே போவது அதனால். பழி மட்டும் கனத்தின் மேல்.

ஸ்பிரிங்கை வெட்டினால்?

பெரிய ஸ்பிரிங்தான் சுத்தியலுக்குச் சக்தி. சுத்தியல் போய் அடிப்பது வாயு வால்வை. அடி குறைந்தால் வால்வு திறக்கும் நேரம் குறையும், வாயு குறையும், வேகம் குறையும். இது முதல் நஷ்டம்.

இரண்டாவது நஷ்டம் நம்ம ஊர் வெயிலில் தெரியும். சி.ஓ.2 குப்பியின் அழுத்தம் வெப்பத்தைப் பொறுத்தது. 10 டிகிரியில் சுமார் 45 பார், 20 டிகிரியில் சுமார் 57 பார், 31 டிகிரியில் சுமார் 74 பார். அதைத் தாண்டினால் இன்னும் வேகமாக ஏறும். அந்த அழுத்தம்தான் வால்வை உள்ளிருந்து மூடிப் பிடித்திருக்கிறது. மே மாதம் நாக்பூரிலோ அகமதாபாத்திலோ, தெம்பு குறைந்த ஸ்பிரிங் போட்ட சுத்தியல் வால்வைத் தட்டும், வால்வு அசையாது. துப்பாக்கி கெட்டுப்போச்சு என்று நினைத்துக் குழலுக்குள் எட்டிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். இதைவிட ஆபத்தான காரியம் வேறு இல்லை. உள்ளே குண்டும் இருக்கிறது, வாயுவும் இருக்கிறது.

டிரிகரைத் திருப்பித் தள்ளும் சின்ன ஸ்பிரிங்கை வெட்டினால், டிரிகர் முழுசாகத் திரும்பி வராது, அடுத்த இழுப்பு பாதியில் நிற்கும். சிலிண்டரைத் தள்ளும் நாக்கை அரத்தால் ராவினால், அறை குழலுக்கு நேராக வந்து சேரும் முன்பே சுத்தியல் விழும். குண்டு குழலின் விளிம்பில் இடித்து ஈயத்தைச் சீவிக்கொண்டு போகும், சீவிய துணுக்கு பக்கவாட்டில் தெறிக்கும்.

எல்லாவற்றையும் விட மோசம் சியரில் கை வைப்பது. இழுத்து நிறுத்திய சுத்தியலைப் பிடித்து வைத்திருக்கும் கொக்கி அது. அதன் கோணத்தைக் கொஞ்சம் மாற்றினால் டிரிகர் அற்புதமாக லேசாகும். மேசையில் கொஞ்சம் வேகமாக வைத்தாலும் சுடும். மெல்லிய உலோகம் என்பதால், இன்று சரியாக நிற்கும் கொக்கி அடுத்த மாதம் நிற்காது.

அப்போ என்னதான் செய்வது?

முதலில் ஒன்றும் செய்யாதீர்கள். குப்பியைக் கழற்றி, கூடுகளை எடுத்து, குண்டு எதுவும் இல்லை என்று இரண்டு முறை பாருங்கள். வெறுமனே இழுக்க மேனுவல் அனுமதித்தால், ஒரு வாரம் தினமும் 100 முறை மெதுவாக இழுங்கள். பாதிக் கரகரப்பு தானாகவே போய்விடும் என்பது என் அனுபவம். உரசும் பாகங்கள் ஒன்றையொன்று தேய்த்து இடம் பிடித்துக்கொள்ளும்.

இழுப்பின் கனத்தை அளக்கத் தனிக் கருவி வேண்டாம். ஊருக்குக் கிளம்பும்போது பெட்டி 15 கிலோ தாண்டிவிட்டதா என்று தூக்கிப் பார்ப்போமே, அந்த லக்கேஜ் தராசு போதும். கொக்கியை டிரிகரின் நடுவில் மாட்டி, குழலுக்கு நேராக மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். அளவைக் குறித்து வையுங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் இது தேவைப்படும்.

அப்புறமும் தடுக்குகிறதென்றால் பக்கத் தகட்டைத் திறக்கலாம். திறக்கும்போது படிப்படியாக போட்டோ எடுங்கள். பெரிய, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுத் திறந்தால், தெறிக்கும் ஸ்பிரிங் சோபாவுக்கு அடியில் போகாது.

உரசும் இடம் எது என்று ஊகிக்காதீர்கள். மார்க்கர் பேனாவால் டிரிகரின் பக்கங்கள், சுத்தியலின் பக்கங்கள், உடம்பின் உள்சுவர் எல்லாவற்றிலும் மை தடவி, மறுபடி பூட்டி, 20 முறை இழுத்துவிட்டுத் திறந்து பாருங்கள். மை அழிந்த இடம்தான் உரசும் இடம். அங்கே மட்டும் 1000 நம்பர் உப்புத்தாளை ஒரு தட்டையான கட்டையில் சுற்றி, எண்ணெய் விட்டு நாலு இழுப்பு. பிறகு 2000 நம்பர். பிறகு ஐஸ் குச்சியின் நுனியில் பிராசோ. நோக்கம் பளபளப்பு, உலோகத்தைக் குறைப்பது அல்ல. விளிம்புகளை உருட்டாதீர்கள். சுத்தியலும் சியரும் கவ்வும் முகங்களைத் தொடவே தொடாதீர்கள்.

தேய்த்த பசை ஒரு துளி மிஞ்சினாலும் அது தேய்த்துக்கொண்டே இருக்கும், நன்றாகக் கழுவித் துடையுங்கள். உலோகம் உலோகத்தோடு உரசும் இடத்தில் மட்டும் குண்டூசித் தலையளவு மாலி கிரீஸ். வால்வு, ரப்பர் வளையம் பக்கம் சிலிகான் எண்ணெய் மட்டும். தையல் மெஷின் எண்ணெயைக் கண்ட இடத்தில் ஊற்றினால் ரப்பர் ஊதிப்போகலாம்.

இவ்வளவும் செய்தபின் தராசில் பார்த்தால் கனம் கொஞ்சம்தான் குறைந்திருக்கும். விரலுக்கோ வேறு துப்பாக்கி மாதிரி இருக்கும். எஞ்சினியர்கள் தராசை நம்பாமல் விரலை நம்ப வேண்டிய அபூர்வ இடம் இது. :-)

வீட்டில் குழந்தை இருக்கிறதே

“பொம்மைதானே, லேசா இருந்தா பசங்களும் சுடலாமே” என்று ஒரு வாதம். அரை கிராம் குண்டு வினாடிக்கு 120 மீட்டர் வேகத்தில் போனால் 3.6 ஜூல். 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ. வரையிலும் 20 ஜூல் வரையிலும் உள்ள ஏர் கன்னுக்குத் தனிநபர் உரிமம் வேண்டாம். அதனால் அது பொம்மையாகிவிடாது. ஒரு கண்ணைப் பறிக்க 3.6 ஜூல் தாராளம். அதே விதிகள் அசலைப் போன்ற போலிகளைப் பற்றியும் தனியாகப் பேசுகின்றன. எனவே உரிமம் பெற்ற கடையில் கேட்டு, பில்லோடு வாங்குவதுதான் புத்தி.

எட்டு வயசுக் குழந்தை தெரியாமல் எடுத்தால், அந்த 4 கிலோ டிரிகர் ஒரு காவல்காரன். அது பூட்டுக்கு மாற்று இல்லை, பூட்டு கட்டாயம் வேண்டும், குப்பியும் குண்டும் வேறு இடத்தில் இருக்க வேண்டும். ஆனால் எல்லாம் தவறிப்போகும் ஒரு நாளில் கடைசியாக நிற்பது அந்தக் கனம்தான். அதை நாமே அரம் வைத்து ராவி எடுப்பானேன்?

நிற்க. இது அசலைப் போலவே இருக்கிறது என்பதும் சாதாரண விஷயமில்லை. 2014 நவம்பரில் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில், அசல் போலத் தெரிந்த விளையாட்டுத் துப்பாக்கி வைத்திருந்த 12 வயதுப் பையனை, போலீஸ் வந்த சில வினாடிகளில் சுட்டார்கள். பையன் இறந்துபோனான். நம்ம நாடு வேறு, போலீஸ் வேறு. இருந்தாலும் பாஷை அரைகுறையாகத் தெரிந்த ஊரில், பால்கனியில் ரிவால்வரோடு நிற்கும் பையனைப் பார்த்து எதிர் பிளாட்காரர் போன் செய்தால், நம்ம ஹிந்தியிலோ மராட்டியிலோ விளக்கிச் சொல்ல எவ்வளவு நேரம் கிடைக்கும்? பால்கனி, மொட்டை மாடி, பார்க்கிங் எதிலும் இது வெளியே வரக்கூடாது.

லேசான டிரிகர்தான் வேண்டுமென்றால்

அதற்கென்றே செய்த துப்பாக்கி இருக்கிறது. சர்வதேசப் போட்டிகளில் 10 மீட்டர் ஏர் பிஸ்டலின் டிரிகர் குறைந்தது 500 கிராம் தாங்க வேண்டும் என்று விதி, எடைக்கல் வைத்துச் சோதிப்பார்கள். 25 மீட்டர் பிஸ்டலுக்கு 1000 கிராம். உலகத்திலேயே நன்றாகச் சுடுகிறவர்களுக்கே “இதற்குக் கீழே போகாதே” என்று கோடு போட்டிருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். அந்த 500 கிராமும் சுடும் கோட்டில் நின்று, குழல் இலக்கைப் பார்த்திருக்கும்போது மட்டும் விரல் தொடுகிற 500 கிராம்.

பிள்ளைக்கு உண்மையிலேயே ஆர்வம் என்றால் புனேயில் பாலேவாடி, டெல்லியில் கர்ணி சிங் ரேஞ்ச் என்று ஒழுங்கான இடங்கள் இருக்கின்றன. கூட்டிக்கொண்டு போய் ஒரு பயிற்சியாளரிடம் விடுங்கள். அங்கே முதல் நாள் சொல்லித்தருவது சுடுவதை அல்ல, விரலை டிரிகருக்கு வெளியே வைத்திருப்பதை.

வீட்டு ரிவால்வர் பெரியவர்களின் பொழுதுபோக்காக, கனமாக, வழவழப்பாக, பூட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.