குடும்பப் பக்கம்: பாரசீகப் பூனையா, சயாம் பூனையா?

பிள்ளைகளின் விருப்பத்துக்கு இணங்கி வீட்டில் ஜாதிப் பூனை ஒன்று வளர்க்க எண்ணும் அன்பர்கள் சிலர், பாரசீகப் பூனை நல்லதா, சயாம் பூனை நல்லதா என்று வினவுகின்றனர். இரண்டில் எது அழகு என்பதைப் பிள்ளைகளே தீர்மானிக்கலாம். எது நம் இல்லத்தில் நலமாக வாழும் என்பதைத் தீர்மானிப்பது பெற்றோர் கடமை. அதனை மட்டும் இங்கே ஆராய்வோம்.

பாரசீகப் பூனை சாது. ஒரு மூலையில் அமைதியாகக் கிடக்கும், ஓயாது கத்தாது. ஆயின் அதன் நீண்ட உரோமத்தை நாள்தோறும் சீப்பால் வாரிவிட வேண்டும். சில நாள் தவறினாலும் உரோமம் சடையாகத் திரண்டு தோலைப் பற்றி இழுக்கும். பின்னர் கத்தரித்து எடுப்பதன்றி வேறு வழியில்லை. முகம் தட்டையாதலின் கண்ணீர் வழியும். அதனையும் துடைத்துவிட வேண்டும். மூக்குக் குறுகியதாதலின் மூச்சு விடுவதும் எளிதன்று. மே மாதத்தில் வெப்பம் 45 டிகிரியை எட்டும் நாகபுரி போன்ற ஊரில், மின்விசிறி மட்டுமே உள்ள இரண்டறை வீடு அதற்குப் பெருந்துன்பம். மேலும், சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வளரும் பரம்பரை நோய் இவ்வினத்தில் மிகுதி. அதற்குக் காரணமான மரபணுப் பிழை 2004ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. குட்டியின் தாய்க்கும் தந்தைக்கும் அச்சோதனை செய்யப்பட்டதா என்று விற்பவரைக் கேட்டறிதல் நலம்.

சயாம் பூனையோ மெலிந்த உடலும் நீலக் கண்களும் குட்டை உரோமமும் உடையது. வாரம் ஒருமுறை வாரினால் போதும். குட்டிகள் பிறக்கும்போது வெண்மையாக இருக்கும்; உடலில் குளிர்ச்சி மிகுந்த பகுதிகளான முகம், காது, கால், வால் ஆகியவை பின்னர் கருமை அடையும். ஆதலால், சென்னையிலிருந்து தில்லிக்கு மாற்றலாகி வந்தவர், குளிர்காலத்தில் பூனையின் நிறம் சற்றுக் கறுப்பதைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால் இது வாயாடி, தனிமையைப் பொறுக்காது. பெற்றோர் இருவரும் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் சென்றுவிட்டால், பூட்டிய வீட்டில் உரத்த குரலில் கதறிக்கொண்டிருக்கும். இரவுப் பணி முடிந்து பகலில் உறங்கும் அடுத்த குவார்ட்டர்ஸ்காரரின் நிலையையும் நாம் எண்ண வேண்டும்.

ஆகவே, பாரசீகப் பூனைக்கு நம் கை வேண்டும். சயாம் பூனைக்கு நம் துணை வேண்டும். வீட்டில் எது மிச்சமிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பகலெல்லாம் பாட்டியோ தாத்தாவோ இருக்கும் வீட்டுக்குச் சயாம் பொருந்தும். குளிர்ச்சியான அறையும், தவறாது சீப்பெடுக்கும் ஒருவரும் உள்ள வீட்டுக்குப் பாரசீகம் பொருந்தும்.

இரண்டிற்கும் பொதுவானவை இரண்டு உண்டு. முதலாவது, உணவு. பூனை புலால் உண்ணும் பிராணி. இறைச்சியிலும் மீனிலும் உள்ள டாரின் என்னும் சத்துக் குறைந்தால் அதன் கண் பார்வை கெடும். இதயமும் பலவீனமுறும் என்று 1987ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் நிறுவினர். தயிர்ச்சோறும் பாலும் போதா. சைவ உணவுக் குடும்பத்தார், கடையில் விற்கும் பூனை உணவை வீட்டில் வைக்க மனம் ஒப்புமா என்பதை முதலிலேயே பேசி முடிவு செய்தல் வேண்டும்.

இரண்டாவது, விடுமுறைப் பயணம். ரயிலில் படுக்கை வகுப்பில் செல்லப் பிராணியை உடன் வைத்துக்கொள்ள விதி இடம் தராது. நாம் ஒரு மாதம் ஊருக்குப் போனால் பூனையைக் காப்பவர் யார்? வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பூனையைத் தெருவில் விட்டுச் செல்வது, அதனை நாய்க்கும் பசிக்கும் ஒப்படைப்பதேயாகும். ஊரில் தங்கியிருக்கும் அண்டை வீட்டார் ஒருவரின் வாக்கைப் பெற்ற பின்னரே குட்டியை வாங்குக.

இறுதியாக ஓர் எளிய சோதனை. பூனை வருமுன், ஒரு மாதம் நாள்தோறும் மாலையில் கால் மணி நேரம் வீட்டு வேலை ஒன்றைப் பிள்ளையிடம் ஒப்படையுங்கள். முப்பது நாளும் தவறாது செய்யும் பிள்ளைக்குப் பூனை வாங்கித் தரலாம். பத்தாம் நாளே மறந்துவிட்டால், அடுத்த ஆண்டு பார்ப்போம் என்று அன்போடு சொல்லிவிடுங்கள்.