சொந்த ரத்தம்தான் நல்ல ரத்தமா?

‘என் புள்ளைக்கு என் ரத்தத்தையே ஏத்துங்க டாக்டர்!’ தீக்காயம்பட்ட குழந்தைக்கு ஆபரேஷன் என்றதும் எந்த அப்பாவும் இப்படித்தான் துடிப்பார். பாசம் சரி... பாதுகாப்பா?

பத்து கிலோ எடையுள்ள குழந்தையின் உடம்பில் மொத்த ரத்தமே சுமார் 800 மில்லிதான். கருகிய தோலை நீக்கிப் புதுத் தோல் ஒட்டும்போது ரத்தம் நிறையவே போகும். அதனால், ரத்தம் ஏற்ற வேண்டி வரலாம்.

பெற்றோர், உடன்பிறந்தோரின் ரத்தத்தைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தாமல் ஏற்றினால், அதிலுள்ள வெள்ளை அணுக்கள் அபூர்வமாகக் குழந்தையின் உடம்பையே தாக்கி, உயிருக்கே உலை வைத்துவிடும். தவிர, உறவினர் கூட்டத்துக்கு நடுவே நிற்பவர் தன் பழைய நோயை வாய்விட்டுச் சொல்வாரா?

‘அதான் டெஸ்ட் பண்றாங்களே’ என்பீர்கள். 2018-ல் சாத்தூர் அரசு மருத்துவமனையில் கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. ரத்தம் ஏற்றப்பட்டதே! சோதனையும் வேண்டும், மனமுவந்து தரும் ஆரோக்கியமான கொடையாளியும் வேண்டும்.

காசுக்கு ரத்தம் விற்பதற்கு சுப்ரீம் கோர்ட் 1996-ல் அளித்த தீர்ப்பு முற்றுப்புள்ளி வைத்தது. இனி நம்பிக்கை, திருப்பூர் பனியன் கம்பெனி இளைஞர்கள்தான். 18 வயதும் 45 கிலோவும் தாண்டிய ஆரோக்கியமான ஆண்கள் 3 மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் 4 மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் தரலாம். முதலாளிகளே, கம்பெனியிலேயே முகாம் நடத்துங்கள். கொதிநீர் கொட்டிய பிள்ளையைத் தூக்கிக்கொண்டு லைன் வீட்டிலிருந்து ஓடிவரும் வெளியூர்த் தொழிலாளி, ரத்தம் தர ஆள் தேடி அலையக் கூடாது.

பெற்றோர்களே, ‘எல்லா டெஸ்ட்டும் ஆச்சா? கிராஸ் மேட்ச் பார்த்தாச்சா?’ என்று தைரியமாகக் கேளுங்கள். உங்கள் ரத்தத்தை ரத்த வங்கிக்குக் கொடுங்கள். இன்னொரு வீட்டுப் பிள்ளை பிழைக்கும்.