எழுதியவர் பெயரைப் போடுங்கள்!

'வொய் டூ ஃபூல்ஸ் ஃபால் இன் லவ்' என்ற பாடல் 1956 ஜனவரியில் நியூயார்க்கில் இசைத்தட்டாக வெளிவந்தது. பாடியது 'டீனேஜர்ஸ்' என்ற பள்ளிச் சிறுவர் குழு. முன்னணிப் பாடகன் பிராங்கி லைமனுக்கு அப்போது வயது 13. வாத்தியங்களின் வேலையைத் தொண்டையாலேயே செய்துவிடும் டூ-வாப் பாணி, நியூயார்க்கின் தெருமுனைகளில் ஏழைப் பிள்ளைகள் வளர்த்த கலை. அதன் தலைசிறந்த வெற்றிகளில் ஒன்றான இந்தப் பாடல், அமெரிக்காவின் ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலிலும் பிரிட்டன் பட்டியலிலும் முதலிடம் பிடித்தது. ஆனால் அதை எழுதியவர்களாக இன்றும் காட்டப்படும் பெயர்கள் இரண்டு: பிராங்கி லைமன், மோரிஸ் லெவி. இந்த இரண்டாவது பெயர் அப்பட்டமான பொய். அதை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

லெவி பாட்டெழுதியவர் அல்லர், இசைத்தட்டு வணிகர். தொடக்கத்தில் வந்த தட்டுகளில் லைமன், ஹெர்மன் சாண்டியாகோ ஆகியோருடன் தயாரிப்பாளர் ஜார்ஜ் கோல்ட்னரின் பெயரும் இருந்தது. பிறகு சாண்டியாகோவின் பெயர் காணாமல் போனது. குழுவின் மற்றொரு உறுப்பினரான ஜிம்மி மெர்ச்சன்டின் பெயர் ஒருமுறைகூட இடம்பெறவில்லை. கோல்ட்னர் தம் இசை நிறுவனங்களை லெவிக்கு விற்றதும் கோல்ட்னர் இருந்த இடத்தில் லெவி பெயர் வந்து உட்கார்ந்தது. நிறுவனத்தை விலைக்கு வாங்கலாம். பாட்டை எழுதிய பெருமையையும் சேர்த்து வாங்க முடியுமா?

சாண்டியாகோவும் மெர்ச்சன்டும் 1987இல் நீதிமன்றம் ஏறினார்கள். 1992இல் கூட்டாட்சி நீதிமன்றத்தின் நடுவர் குழு, லைமனுடன் சேர்ந்து இந்தப் பாடலை எழுதியவர்கள் இவ்விருவருமே என்று தீர்ப்பளித்தது. ஆனால் 1996இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைக் கவிழ்த்தது. இவர்கள் எழுதவில்லை என்று அது சொல்லவில்லை. மூன்றாண்டுக் கெடுவுக்குள் வழக்குத் தொடரவில்லை என்றது. உண்மை தோற்கவில்லை, காலண்டர் வென்றது. அந்தத் தீர்ப்போடு லெவியின் பெயர் பழைய இடத்திலேயே நிலைத்துவிட்டது.

சட்டத்துக்குக் கெடு தேவை, இல்லையென்றால் எந்த வணிகமும் நிலைக்காது என்று சொல்வோர் உண்டு. பழைய பணத்தைக் கேட்பதற்குக் கெடு வைப்பதை நாமும் மறுக்கவில்லை. ஆனால் பணம் வேறு, பெயர் வேறு. கையெழுத்தின் பொருள்கூடத் தெரியாத வயதில் ஏமாந்த பிள்ளைகளிடம், வளர்ந்த பிறகு 'தாமதமாக வந்தீர்கள்' என்று கதவைச் சாத்துவது நீதியாகாது. உலகமே முணுமுணுத்த பாட்டின் நாயகன் லைமன், 1968இல் ஹெராயின் பழக்கத்துக்கு 25 வயதில் பலியானான். 1981இல் டயானா ராஸ் பாடி இதே பாடலை மீண்டும் முதல் பத்து இடங்களுக்குள் கொண்டுவந்தார். வருமானம் ஓயவில்லை, எழுதியவர்கள்தாம் ஒதுக்கப்பட்டார்கள். லெவியோ மிரட்டிப் பணம் பறிக்கச் சதி செய்த வழக்கில் 1988இல் குற்றவாளி எனத் தீர்ப்பாகி, சிறைக்குப் போகுமுன் 1990இல் இறந்தார். அப்படிப்பட்டவரைப் பாடலாசிரியர் என்று போற்றிக்கொண்டிருப்பது அமெரிக்க இசைத்துறைக்கே தலைகுனிவு.

இனியாவது திருத்துங்கள். பாடலின் உரிமையை இன்று வைத்திருப்போர், லெவியின் பெயரை நீக்கி, சாண்டியாகோ, மெர்ச்சன்ட் பெயர்களைச் சேர்த்து மறுபதிவு செய்ய வேண்டும். அவர்கள் தாமாக முன்வந்து இதைச் செய்வதை 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பு தடுக்கவில்லை. உரிமத்தொகை வசூலிக்கும் சங்கங்களும் இணைய இசைத் தளங்களும் தங்கள் பட்டியல்களை அதற்கேற்ப மாற்ற வேண்டும். ஆசிரியர் யார் என்பதை அறிவிக்கக் கோரும் வழக்குகளுக்குக் காலக்கெடு கிடையாது என்று அமெரிக்க நாடாளுமன்றம் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்த வேண்டும்.

ஒரு பாடலின் கீழ் ஒரு பெயரை அடித்து இரண்டு பெயர்களை எழுத எவருக்கும் பெருஞ்செலவு ஆகாது. அதையும் செய்ய மறுப்பவர்கள், திருட்டைத் தெரிந்தே காப்பாற்றுகிறார்கள் என்றே பொருள்.