ஆராய்ச்சி யாருடைய கேள்விக்கு விடை தேடுகிறது?

1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை ஓராண்டுக் காலம், ஆறு மாநிலங்களைச் சேர்ந்த சுமார் 2,400 கிராமங்களில் செயற்கைக்கோள் வழியாகத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் காட்டப்பட்டன. செயற்கைக்கோள் அமெரிக்காவினுடையது. ஆனால் அதன் சமிக்ஞையைக் கிராமத்திலேயே நேரடியாகப் பெறும் கருவியை இஸ்ரோவின் பொறியாளர்கள் உருவாக்கினர். கோழிக்கூண்டுக்குப் பயன்படும் கம்பி வலையைக் கொண்டே மலிவான அலைவாங்கிகளை அமைத்தனர். அதே இஸ்ரோவின் சார்பில் சமூகவியல் ஆய்வாளர்கள் கிராமங்களில் தங்கி, நிகழ்ச்சிகளை யார் பார்க்கிறார்கள், பெண்கள் அவற்றிலிருந்து எதைப் பெறுகிறார்கள், உழவர்களுக்கு அவை பயன்படுகின்றனவா என்று ஆராய்ந்தனர்.

அந்தச் சோதனை குறைகளற்றதன்று. அவசரநிலைக் காலத்தில் அரசு ஒலிபரப்பு ஆட்சியாளர்களின் குரலாக ஒலித்தது என்பதை மறப்பதற்கில்லை. எனினும் இயற்பியலும் பொறியியலும் ஊடக ஆய்வும் ஒரே கூரையின் கீழ், பொதுப் பணத்தில், ஏழை எளிய மக்களின் வாழ்வை மையமாகக் கொண்டு இணைந்து இயங்க முடியும் என்பதை அது மெய்ப்பித்தது. அரை நூற்றாண்டு கடந்த நிலையில், இம்மூன்று துறைகளும் இன்று எங்கே நிற்கின்றன என்று கேட்க வேண்டியுள்ளது.

ஆராய்ச்சிக்கும் மேம்பாட்டுக்கும் நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2 விழுக்காடு செலவிடப்பட வேண்டும் என்ற இலக்கு 2003ஆம் ஆண்டின் அறிவியல் தொழில்நுட்பக் கொள்கையிலேயே உண்டு. 2013ஆம் ஆண்டின் கொள்கை அதனை மீண்டும் உரைத்தது. ஆனால் 2020-21இல் நடைமுறையில் செலவிடப்பட்டது 0.64 விழுக்காடு மட்டுமே. சீனம் 2 விழுக்காட்டுக்கு மேலும், தென்கொரியா 4 விழுக்காட்டுக்கு மேலும் செலவிடுகின்றன. நமது சொற்பத் தொகையிலும் உயர்கல்வி நிறுவனங்களின் பங்கு 8.8 விழுக்காடுதான். அதாவது, நாளைய ஆய்வாளர்களை உருவாக்க வேண்டிய பல்கலைக்கழகங்களுக்குப் பந்தியின் கடைசி வரிசையில்தான் இலை போடப்படுகிறது.

இக்குறையைக் களையவே 2023இல் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைச் சட்டம் கொண்டுவரப்படுவதாக மோடி அரசு பறைசாற்றியது. ஐந்தாண்டுகளில் 50,000 கோடி ரூபாய் என்று விளம்பரப்படுத்தப்பட்டது. கணக்கைப் பிரித்துப் பார்த்தால் உண்மை புலப்படும். அரசு தருவதாகச் சொன்னது 14,000 கோடி ரூபாய். எஞ்சிய 36,000 கோடி அரசு சாரா வழிகளிலிருந்து திரட்டப்படும் என்பதே திட்டம். பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவரின் ஆய்வு விண்ணப்பம், இலாப நோக்குள்ள நன்கொடையாளரின் விருப்பத்துக்காகக் காத்திருக்க வேண்டும் என்பதே இதன் பொருள்.

2025 ஜூலை முதல் நாள் ஒன்றிய அமைச்சரவை மற்றொரு திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. இம்முறை தொகை ஒரு லட்சம் கோடி ரூபாய். 2025-26 வரவு செலவுத் திட்டத்தில் மட்டும் 20,000 கோடி ஒதுக்கப்பட்டது. ஆனால் இது பல்கலைக்கழகத்துக்கான மானியம் அன்று. தனியார் துறைக்குக் குறைந்த வட்டியிலோ வட்டியின்றியோ நீண்டகாலக் கடனாக வழங்கப்படும் நிதி. சந்தையை நோக்கி ஓரளவு முதிர்ந்துவிட்ட தொழில்நுட்பங்களுக்கே இது கிடைக்கும். அடிப்படை ஆய்வுக்கு இதில் இடமில்லை. அறக்கட்டளைக்கு அரசு தருவது ஆண்டுக்குச் சராசரியாக 2,800 கோடி; தனியாருக்கான கடன் திட்டத்துக்கு ஓராண்டில் ஒதுக்கியது 20,000 கோடி. அரசின் முன்னுரிமை எது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

தனியார் துறை ஆராய்ச்சியில் முதலீடு செய்யாததே நாட்டின் குறை. அதனை ஊக்குவிப்பதில் தவறென்ன என்று ஆட்சியாளர்கள் கேட்கின்றனர். ஊக்குவிப்பு புதிதன்று. நிறுவனங்கள் தமது ஆய்வுக்கூடங்களில் செலவிடும் தொகையின் இருமடங்கை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளும் சலுகை 2017 மார்ச் வரை நடைமுறையில் இருந்தது. அதன் பின்னரும் 2020 வரை ஒன்றரை மடங்கு கழிவு தொடர்ந்தது. பல்லாண்டுச் சலுகைகளுக்குப் பிறகும் 2020-21இல் தனியார் தொழில்துறையின் பங்கு 36.4 விழுக்காட்டைத் தாண்டவில்லை. வெளிநாட்டுத் தொழில்நுட்பத்தை விலைக்கு வாங்கி உடனடி இலாபம் ஈட்டுவதே எளிது என்று கருதும் பெருமுதலாளிகளிடம், வரிச்சலுகை சாதிக்காததை வட்டியில்லாக் கடன் சாதித்துவிடும் என்று நம்புவதற்கு என்ன அடிப்படை?

கொள்கையின் சுமை இறுதியில் யார் தோளில் இறங்குகிறது? இளம் ஆய்வாளரின் தோளில்தான். தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வு நிதி பெறுவோருக்கு மாதம் 37,000 ரூபாய் என்று 2023இல் உயர்த்தப்பட்டது. ஆனால் மத்தியப் பல்கலைக்கழகங்களில் அந்த நிதி கிடைக்காத முனைவர் பட்ட ஆய்வாளருக்குப் பத்தாண்டுகளுக்கும் மேலாக மாதம் 8,000 ரூபாயே வழங்கப்படுகிறது. நாளொன்றுக்கு 267 ரூபாய்! பெருநகரங்களில் திறன்சாராத் தொழிலாளிக்கு இதே ஒன்றிய அரசு 2024 அக்டோபரில் நிர்ணயித்த குறைந்தபட்ச நாட்கூலி 783 ரூபாய். 2015இல் இந்த அற்பத் தொகையையும் நிறுத்த முயன்றபோது, தில்லியில் பல்கலைக்கழக மானியக் குழு அலுவலகத்தை முற்றுகையிட்டு மாணவர்கள் போராடியதாலேயே அது இன்றளவும் நீடிக்கிறது.

சிறுபான்மையினருக்கான மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகை 2022 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. 2025இல் பட்டியல் சாதியினர் உள்ளிட்டோருக்கான தேசிய வெளிநாட்டு உதவித்தொகைக்குத் தேர்வான 106 பேரில் முதலில் 40 பேருக்கு மட்டுமே ஒப்புதல் கடிதம் அளிக்கப்பட்டது; ஏனையோரிடம் நிதி இருந்தால் பார்க்கலாம் என்று கைவிரிக்கப்பட்டது. குடும்பத்தில் முதன்முதலாக ஆய்வுப் படிப்பை எட்டிய ஒருவருக்கு, ஆறு மாதம் வராத உதவித்தொகை என்பது வெறும் தாமதம் அன்று, அது வெளியேற்றம்.

ஆய்வுக்கூடத்தின் நிலையும் வேறல்ல. பொது ஆய்வு நிறுவனங்கள் வாங்கும் கருவிகளுக்கு 5 விழுக்காடாக இருந்த ஜிஎஸ்டி 2022 ஜூலையில் 18 விழுக்காடாக்கப்பட்டது. 2024 ஜூலை வரவு செலவுத் திட்டத்தில் ஆய்வக வேதிப்பொருட்களின் மீதான சுங்க வரி 10 விழுக்காட்டிலிருந்து 150 விழுக்காடாக உயர்த்தப்பட்டது! எதிர்ப்பு வலுத்தபின் சில நாட்களில் பின்வாங்கினர். ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிப்பதே வழக்கமாகிவிட்டது.

ஆய்வு முடிந்த பின்னரும் கொள்ளை முடிவதில்லை. பொதுப் பணத்தில் ஆய்வு செய்து, ஆய்வாளர்களே எழுதி, சக ஆய்வாளர்களே ஊதியமின்றி மதிப்பிட்டுத் தரும் கட்டுரைகளைப் பன்னாட்டுப் பதிப்பகங்கள் மீண்டும் நமக்கே விற்கின்றன. 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தின்கீழ் 30 பதிப்பகங்களுக்கு மூன்றாண்டுகளில் 6,000 கோடி ரூபாய் வழங்கப்படுகிறது. அரசுக் கல்லூரி மாணவருக்கு இதழ்கள் கிடைப்பது வரவேற்கத்தக்கதே. ஆயினும் ஆண்டுக்கு 2,000 கோடியைக் கப்பமாகக் கட்டுவது தீர்வாகாது. பிரேசில் 1990களின் இறுதியிலேயே பொது நிதியில் கட்டணமற்ற ஆய்விதழ்த் தளத்தை உருவாக்கி, இலத்தீன் அமெரிக்க நாடுகளுக்கு வழிகாட்டியது. இங்கோ, பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில், கட்டுரைகளை இலவசமாக வழங்கிவந்த சைஹப் தளத்தை முடக்குமாறு 2025 ஆகஸ்டில் தில்லி உயர்நீதிமன்றம் ஆணையிட்டது.

ஊடக ஆய்வின் நிலை இன்னும் கவலைக்குரியது. பொய்ச் செய்தியும் வெறுப்புப் பரப்புரையும் கைப்பேசி வழியாகக் கிராமம் வரை பரவும் காலம் இது. எந்தச் செய்தி, யாரால், எவ்வளவு வேகமாகப் பரப்பப்படுகிறது என்பதை ஆராயாமல் ஜனநாயகத்தைக் காப்பது இயலாது. ஆனால் அதற்கான தரவுகள் சில பெருநிறுவனங்களின் பெட்டகத்தில் பூட்டிக் கிடக்கின்றன. ட்விட்டர் 2023இல் ஆய்வாளர்களுக்கான இலவச வாயிலை மூடியது. முகநூலில் பரவும் பதிவுகளைக் கண்காணிக்க உதவிய கிரவுட்டேங்கிள் கருவியை மெட்டா நிறுவனம் 2024 ஆகஸ்டில் நிறுத்திவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் தகுதிபெற்ற ஆய்வாளர்களுக்குத் தரவு வழங்க வேண்டும் என்று பெருந்தளங்களைச் சட்டத்தால் கட்டுப்படுத்தியுள்ளது. இந்தியாவில் அத்தகைய உரிமை இல்லை. மாறாக, 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவல் அறியும் உரிமையைச் சுருக்கியிருக்கிறது. அதே ஆண்டில், 2019 மக்களவைத் தேர்தல் குறித்து ஆய்வுக்கட்டுரை எழுதிய தனியார் பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவர், நிர்வாகம் அக்கட்டுரையிலிருந்து விலகி நின்றதைத் தொடர்ந்து, பணியிலிருந்து விலகினார். கேள்வி கேட்பதே குற்றமாகும் இடத்தில் ஆய்வு எவ்வாறு தழைக்கும்?

அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று அரசமைப்புச் சட்டத்தின் 51ஏ பிரிவு கூறுகிறது. அக்கடமையை மக்கள் ஆற்றுவதற்கான வழியை அமைத்துத் தருவது அரசின் பொறுப்பு. எனவே, ஆராய்ச்சிக்கான பொதுச் செலவை 2 விழுக்காட்டை நோக்கிக் காலவரையறையுடன் உயர்த்த வேண்டும். அதில் பல்கலைக்கழகங்களுக்கு, குறிப்பாக மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு, உரிய பங்கை உறுதி செய்ய வேண்டும். 8,000 ரூபாய் உதவித்தொகையை விலைவாசியுடன் இணைத்து உயர்த்தி, மாதந்தோறும் தவறாது வழங்க வேண்டும். நிறுத்தப்பட்ட உதவித்தொகைகளை மீட்டளிக்க வேண்டும். பொது நிதியில் விளைந்த ஆய்வு முடிவுகள் கட்டணமின்றி மக்களைச் சென்றடைய வேண்டும். சமூக ஊடகத் தரவுகளை ஆராயும் உரிமையைச் சட்டமாக்க வேண்டும்.

இவை ஆய்வு மாணவர்களின் கோரிக்கைகள் மட்டுமல்ல. வெள்ளத்தை முன்னறியும் கருவியும், விவசாயிக்கு ஏற்ற இயந்திரமும், பொய்யை அம்பலப்படுத்தும் ஆய்வும் உழைக்கும் மக்களுக்கே முதலில் தேவைப்படுகின்றன. ஆய்வாளர்களின் போராட்டத்துடன் தொழிலாளர், விவசாயிகள் இயக்கங்கள் கைகோக்கும்போதுதான், ஆராய்ச்சி இலாபத்தின் கேள்விகளை விட்டு மக்களின் கேள்விகளுக்கு விடை தேடத் தொடங்கும்.